சர்க்கரை வியாதி: வம்சமா, வாழ்க்கையா?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டம் ஒன்றில் நிகழ்த்திய பேச்சு)



கூலியைப் பற்றியும் வேலைப்பளுவைப் பற்றியும் நாம் எத்தனையோ தடவை கூடிப் பேசியிருக்கிறோம். இன்று உடம்பைப் பற்றிப் பேசக் கூடியிருக்கிறோம். நமக்கு நிலம் இல்லை, ஆலை இல்லை, பாங்கியில் பணம் இல்லை. காலையில் எழுந்து வேலைக்குப் போகிற இந்த உடம்பு ஒன்றுதான் நமக்குள்ள முதல். அந்த முதலை அரித்துத் தின்னுகிற ஒரு வியாதி நம் லைன் வீடுகளிலும் காலனிகளிலும் புகுந்துவிட்டது. அதுதான் சர்க்கரை வியாதி.

"இது பணக்காரர் வியாதி, மெத்தையில் சாய்ந்து நெய்ச்சோறு தின்கிறவனுக்கு வருவது, உழைக்கிறவனை அண்டாது" என்று நம்மில் பலர் இன்னும் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது. இப்போது நிலைமை மாறிவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த ஆய்வின் முடிவுகள் 2023ல் வெளிவந்தன. இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி உண்டு என்று அது கணக்கிட்டது. இன்னும் 13 கோடியே 60 லட்சம் பேர் வியாதியின் வாசற்படியில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் வயது வந்தவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் இந்த வியாதி இருக்கிறது.

இதே ஆய்வின் ஒரு பகுதி 2017ல் வெளிவந்தபோது இன்னொரு விஷயம் அம்பலமாயிற்று. வசதி கூடிய மாநிலங்கள் சிலவற்றின் நகரங்களில், தமிழ்நாட்டின் நகரங்கள் உட்பட, பணக்காரர்களை விட ஏழைகளிடமே இந்த வியாதி அதிகம். மெத்தையை விட்டு இறங்கி வியாதி பாய்க்கு வந்துவிட்டது!

இரண்டு தீர்ப்புகள்

வியாதி வந்தவனுக்கு இரண்டு விதமான தீர்ப்புகள் கிடைக்கின்றன.

வீட்டிலே ஒரு தீர்ப்பு. "உன் அப்பனுக்கு இருந்தது, உன் அத்தைக்கு இருந்தது, வம்சத்து வியாதி, தலையெழுத்து, என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். இதைக் கேட்டவன் பரிசோதனைக்குப் போவதில்லை. போனாலும் மாத்திரையை இரண்டு மாதத்தில் விட்டுவிடுகிறான். தலையெழுத்துக்கு மாத்திரை எதற்கு என்பது அவன் நியாயம்.

வெளியிலே இன்னொரு தீர்ப்பு. "எல்லாம் உன் பழக்கம். வாயைக் கட்டவில்லை, நடக்கவில்லை, உன் தப்புதான்" என்று படித்தவர்கள் சொல்லுகிறார்கள். இதைக் கேட்டவன் வெட்கப்பட்டு வியாதியை மறைக்கிறான். முதலாளிக்கும் இந்தத் தீர்ப்பு ரொம்பப் பிடிக்கும். ராத்திரி ஷிப்டைப் பற்றியோ, சாப்பாட்டு இடைவேளையைப் பற்றியோ அதற்குப் பிறகு யாரும் அவரிடம் கேட்க மாட்டார்கள் அல்லவா?

இரண்டு தீர்ப்பிலும் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே தவறான தீர்ப்புகள். ஏன் தவறு என்று விளக்கமாகப் பார்ப்போம்.

உடம்புக்குள் நடப்பது என்ன?

நாம் தின்கிற சோறு வயிற்றில் கரைந்து சர்க்கரையாகி ரத்தத்தில் சேருகிறது. லாரியில் சரக்கு வந்து நிற்பது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரக்கை இறக்க வேண்டிய பெரிய கிடங்கு நம் தசைகள். சரக்கை இறக்கிக் கிடங்கில் சேர்க்கிற சுமைத் தொழிலாளிதான் இன்சுலின். வயிற்றுக்குப் பின்னால் இருக்கிற கணையம் என்ற உறுப்பு இந்தச் சுமைத் தொழிலாளிகளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது.

உடம்பு வேலை செய்தால் கிடங்கு காலியாகும். புதுச் சரக்குக்கு இடம் கிடைக்கும். வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தால் கிடங்கு நிரம்பியே கிடக்கும். வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்தால் கிடங்கின் கதவே இறுகிப்போகும். அப்போது ஒரு மூட்டையை இறக்க ஓர் ஆள் போதாது, மூன்று ஆள் வேண்டும். கணையம் ஓவர்டைம் செய்கிறது. பல வருஷம் ஓவர்டைம் செய்து கடைசியில் அதுவும் ஓய்ந்து விழுகிறது. சரக்கு நடுரோட்டில், அதாவது ரத்தத்தில், தேங்கிவிடுகிறது. தேங்கிய சர்க்கரை கண்ணையும், சிறுநீரகத்தையும், கால் நரம்பையும், இருதயத்தையும் அரிக்கிறது.

இதில் வம்சம் எங்கே வருகிறது? சில பேருடைய கணையம் பிறவியிலேயே குறைந்த ஆட்களைத்தான் அனுப்பும். தாய் தகப்பனிடமிருந்து நமக்கு வருகிற ஜீன்கள், அதாவது மரபணுக்கள், இதைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. சர்க்கரை வியாதிக்கென்று ஒரே ஒரு ஜீன் கிடையாது. நூற்றுக்கணக்கான ஜீன் வேறுபாடுகள் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக ஆபத்தைக் கூட்டுகின்றன அல்லது குறைக்கின்றன. அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கு ஆபத்து அதிகம். இருவருக்கும் இருந்தால் இன்னும் அதிகம். இது உண்மை. ஆனால் ஆபத்து வேறு, தீர்ப்பு வேறு.

ஒன்று சொல்லிவிட வேண்டும். குழந்தைகளுக்கும் இளவயதினருக்கும் திடீரென்று வருகிற ஒரு வகை உண்டு. அதில் கணையம் இன்சுலின் சுரப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடும். அது வேறு வியாதி. அந்தக் குழந்தைக்கு ஒரு நாள் கூட இன்சுலின் ஊசியை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் உயிர் போய்விடும். நாம் இங்கே பேசுவது பெரியவர்களுக்குப் பரவலாக வருகிற வகையைப் பற்றி.

ஆற்றை இழந்த ஜனங்கள்

வம்சமா, வாழ்க்கையா என்ற கேள்விக்கு உலகத்திலேயே தெளிவான பதிலைத் தருகிறவர்கள் அமெரிக்காவின் அரிஸோனா மாகாணத்தில் உள்ள பீமா என்ற பூர்வகுடி ஜனங்கள். அவர்கள் விவசாயிகள். ஹீலா என்ற ஆற்றின் கரையில் வாய்க்கால் வெட்டிச் சோளம், பீன்ஸ், பூசணி, பருத்தி, கோதுமை பயிரிட்டு வாழ்ந்தவர்கள். தங்களை 'ஆற்று ஜனங்கள்' என்றே அவர்கள் தங்கள் மொழியில் அழைத்துக்கொள்ளுகிறார்கள். 1849ல் தங்கம் தேடி மேற்கே போன வெள்ளைக்காரர்கள் பாலைவனத்தில் பசியால் சாகாமல் பிழைத்ததற்குப் பீமாக்கள் விற்ற கோதுமையும் ஒரு காரணம்.

பிறகு என்ன நடந்தது? 1870க்குப் பிறகு ஆற்றின் மேல்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரைத் தங்கள் வயல்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழே இருந்த பீமாக்களின் வாய்க்கால்கள் வறண்டன. தலைமடைக்காரன் தண்ணீரை மறித்தால் கடைமடைக்காரன் கதி என்ன ஆகும் என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை! பயிர் போயிற்று. பஞ்சம் வந்தது. மரத்தை வெட்டி விறகு விற்று வயிறு கழுவ வேண்டிய நிலைக்கு வந்தார்கள். சர்க்கார் கொடுத்த மைதா மாவும், சர்க்கரையும், பன்றிக் கொழுப்பும் அவர்கள் சாப்பாடாயின. 1930ல் அவர்கள் பேரைச் சொல்லி ஒரு பெரிய அணையைத் திறந்தார்கள். வாக்களித்த தண்ணீர் வரவில்லை. உழுதவன் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று.

உடம்பில் இது எப்படித் தெரிந்தது? 1900ஐ ஒட்டிய வருஷங்களில் இந்த ஜனங்களைப் பரிசோதித்தவர்கள் சர்க்கரை வியாதியை அபூர்வமாகத்தான் கண்டார்கள். 1940ல் கூட, இந்த வியாதியில் பெரிய நிபுணரான ஜாஸ்லின் என்ற அமெரிக்க டாக்டர், அரிஸோனா பூர்வகுடிகளிடம் மற்ற அமெரிக்கர்களை விட வியாதி அதிகமில்லை என்றுதான் எழுதினார். 1965ல் விஞ்ஞானிகள் தொடர்ச்சியான ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 35 வயதைத் தாண்டிய பீமாக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி இருந்தது! அன்று உலகத்தில் வேறெங்கும் காணாத அளவு அது.

தோழர்களே, யோசித்துப் பாருங்கள். இருபத்தைந்து முப்பது வருஷத்தில் ஒரு ஜனத்தின் ஜீன்கள் மாறிவிடுமா? மாறாது. தாத்தாவின் ரத்தம்தான் பேரனுக்கும். மாறியது ஆறு, மாறியது வயல், மாறியது தட்டில் விழுந்த சாப்பாடு.

மலையில் இருந்த அண்ணன் தம்பிகள்

"அப்படியானால் ஜீனுக்கு ஒரு பங்கும் இல்லையா?" என்று கேட்பீர்கள். அதற்கும் பதில் இருக்கிறது. பீமா இனத்தின் இன்னொரு கிளை எல்லைக்கு அப்பால், மெக்ஸிகோ நாட்டின் ஸொனோரா மலைப்பகுதியில், மைகோபா என்ற ஊரைச் சுற்றி வாழ்கிறது.  மலைச்சரிவில் கையால் பயிர் செய்து, சோளமும் பீன்ஸும் உருளைக்கிழங்கும் தின்று வந்தார்கள்.

இரண்டு கிளையையும் ஒப்பிட்டு 2006ல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அமெரிக்கப் பீமாக்களில் நூற்றுக்கு 38 பேருக்குச் சர்க்கரை வியாதி. மெக்ஸிகோ பீமாக்களில் நூற்றுக்கு 7 பேர் கூட இல்லை. ஒரே வம்சம், ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான வியாதி! ஆனால் இதையும் கவனியுங்கள்: அரிஸோனாவில் அதே மாவையும் கொழுப்பையும் தின்ற மற்றவர்களுக்கு இந்த அளவுக்கு வியாதி வரவில்லை. ஆகவே ஜீன் கதவைத் திறந்து வைத்தது. வியாதியை உள்ளே தள்ளியது வாழ்க்கை. இதுதான் நாம் மனசில் வைக்க வேண்டிய முதல் பாடம்.

பல வருஷம் வழக்காடியும் வாதாடியும், 2004ல்தான் அமெரிக்கக் காங்கிரஸ் பீமாக்களின் தண்ணீர் உரிமையை ஒப்புக்கொண்டு சட்டம் செய்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று!

கருவிலேயே விழுகிற பசி

இரண்டாவது பாடம் ஹாலந்து நாட்டிலிருந்து வருகிறது. 1944 செப்டம்பரில் அந்த நாட்டின் ரயில்வேத் தொழிலாளர்கள் நாஜிப் படைகளுக்கு எதிராக வேலைநிறுத்தம் செய்தார்கள். பழிவாங்க நாஜிகள் மேற்குப் பகுதி நகரங்களுக்கு உணவு போகாமல் தடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் 20,000 பேருக்கு மேல் மாண்டார்கள். 1945 மே மாதம் விடுதலை வந்தது, சாப்பாடும் வந்தது. கதை அத்தோடு முடியவில்லை. அந்தப் பஞ்சத்தில் தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளை, அவர்களுக்கு 50 வயது ஆனபோது டாக்டர்கள் பரிசோதித்தார்கள். மற்றவர்களை விட அவர்களுடைய உடம்பு சர்க்கரையைச் சமாளிக்கத் திணறிற்று என்று 1998ல் எழுதினார்கள். ஆறேழு மாதப் பசி ஐம்பது வருஷம் கழித்து ரத்தத்தில் தெரிந்தது!

நம் நாட்டிலும் இதற்குச் சாட்சி உண்டு. புனேக்குப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நம் குழந்தையின் சராசரி எடை 2.7 கிலோ, அவர்கள் குழந்தை 3.5 கிலோ. குறைந்தது எது? தசை குறைந்தது. கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. பார்வைக்கு ஒல்லி; உள்ளே கொழுப்பு. சின்னக் கிடங்கோடு பிறந்த பிள்ளை அது. "நான் ஒல்லி, எனக்கு வராது" என்று எந்தத் தோழரும் இருந்துவிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

ஆகவே பரம்பரை என்பது ஜீன் மட்டுமல்ல. பாட்டியின் பட்டினியும், அரை வயிற்றோடு நாற்று நட்ட தாயின் இரத்தச்சோகையும் நம் உடம்புக்கு வந்து சேருகின்றன. ஜீனை நாம் மாற்ற முடியாது. கர்ப்பிணிக்குச் சத்துணவும் ஓய்வும் கிடைக்கச் செய்ய நம்மால் முடியும். அது அந்தத் தாய்க்கு மட்டுமல்ல, 50 வருஷம் கழித்து வாழப்போகிற மனிதனுக்கும் செய்கிற வைத்தியம்.

தடுக்க முடியுமா?

முடியும். சென்னையில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2006ல் வெளிவந்தது. வியாதியின் வாசற்படியில் இருந்த 531 பேரை மூன்று வருஷம் கவனித்தார்கள். வழக்கம் போல விடப்பட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு வியாதி வந்தது. தினம் அரை மணிக்குக் குறையாமல் நடந்து, சாப்பாட்டைச் சீர்செய்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. அமெரிக்காவில் 3,000 பேருக்கு மேல் கலந்துகொண்ட இதே மாதிரி ஆய்வில் பலன் இன்னும் அதிகம். பாதிக்கு மேல் குறைந்தது. ஆபத்தான ஜீன் ஒன்றைத் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் பெற்றவர்களை அந்த ஆய்வில் தனியாகப் பிரித்துப் பார்த்தார்கள். வாழ்க்கைமுறையை மாற்றிக்கொண்டவர்களிடம் அந்த ஜீனின் வேகம் வெகுவாக அடங்கியிருந்தது. தலையெழுத்து என்று சொல்லுகிற தாய்மார்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

சென்னைக் கணக்கை இன்னொரு தடவை பாருங்கள். எல்லாம் செய்தும் நூற்றுக்கு 39 பேருக்கு வந்தது. ஆகவே, வியாதி வந்த தோழரைப் பார்த்து "உன் தப்பு" என்று விரல் நீட்ட யாருக்கும் உரிமை இல்லை.

நம் பங்கும் அவர்கள் பங்கும்

முதலில் நாம் செய்ய வேண்டியதைச் சொல்லுவோம். நம் பங்கைச் செய்யாமல் மற்றவனைக் கேட்பது நியாயமல்ல.

முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொருவரும், அதிலும் குடும்பத்தில் வியாதி உள்ளவர்கள், ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியிலோ ரத்தத்தைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல் இருந்து, மறுபடி பார்த்தபோதும் அப்படியே இருந்தால் அது வியாதி. கூடவே ரத்தக் கொதிப்பையும் பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால் சிறுநீரகம் இன்னும் சீக்கிரம் போகும்.

மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. "ஒரே மண்டலத்தில் வேரோடு அறுப்போம்" என்று சந்தையில் சூரணம் விற்கிறவனிடம் ஏமாறக் கூடாது. பீடியை விட வேண்டும்; சர்க்கரையும் புகையும் சேர்ந்தால் காலின் ரத்தக் குழாய் அடைபடும். சாராயத்தைத் தொடக் கூடாது.

சேற்றில் இறங்குகிற விவசாயத் தோழர்களுக்கு ஒரு விசேஷ எச்சரிக்கை. இந்த வியாதியில் கால் மரத்துப்போகும். முள் குத்தினாலும் தெரியாது. மூன்றாம் நாள் புண், முப்பதாம் நாள் காலையே எடுக்க வேண்டிய நிலைமை. தினமும் ராத்திரி காலைக் கழுவித் துடைத்து, விளக்கு வெளிச்சத்தில் உள்ளங்காலைப் பாருங்கள். கண் தெரியாதவர்களுக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லட்டும்.

தட்டில் சோறு மலையாகவும் குழம்பு ஊற்றாகவும் இருப்பதை மாற்ற வேண்டும். சோற்றைக் குறைத்துப் பருப்பு, பயறு, கீரை, முட்டை, கம்பு, கேழ்வரகைக் கூட்ட வேண்டும்.

இங்கேதான் அடுத்த கேள்வி வருகிறது. பருப்பு என்ன விலை? வயிறு நிறைய மலிவாகக் கிடைப்பது அரிசி ஒன்றுதான் என்றால் கூலிக்காரன் எதைத் தின்பான்? ரேஷன் கடையில் அரிசியோடு பருப்பும் பயறும் சிறுதானியமும் போதிய அளவு வேண்டும் என்று கேட்பது வைத்தியத்தின் ஒரு பகுதிதான். வாரத்துக்கு வாரம் ஷிப்டை மாற்றி, தூக்கத்தைக் கெடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை கூடும் என்பது நிரூபணமான விஷயம். பன்னிரண்டு மணி நேரம் மெஷினோடு நின்று வந்தவனிடம் "இன்னும் அரை மணி நட" என்று சொல்ல எப்படி மனசு வரும்? வேலை நேரத்தை ஒழுங்கு செய்வதும் மருந்துதான்.

ஆலைத் தோழர்கள் ஒரு விஷயத்தை முக்கியமாகக் கவனிக்க வேண்டும். இன்சுலின் ஊசியோ சில வகை மாத்திரைகளோ எடுத்துக்கொள்ளுகிறவர் நேரத்துக்குச் சாப்பிட்டே ஆக வேண்டும். தாமதமானால் சர்க்கரை திடீரென்று இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், கண் இருட்டும். ஓடுகிற மெஷினுக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும்? "சொன்னால் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள்" என்று பயந்து எத்தனை பேர் மறைத்துக்கொண்டு நிற்கிறார்கள்! சாப்பாட்டு இடைவேளை ஒரு நிமிஷம் கூடத் தள்ளிப்போகக் கூடாது. வியாதியைக் காரணம் காட்டி யாரையும் நீக்கக் கூடாது. தேவைப்பட்டவருக்கு ராத்திரி ஷிப்டிலிருந்து விலக்கு வேண்டும். இந்த மூன்றையும் சங்கத்தின் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மாத்திரை கிராமத்துக்கு வர வேண்டும். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற திட்டத்தைத் தமிழக சர்க்கார் தொடங்கிற்று. வீட்டுக்கே வந்து பரிசோதித்து மாத்திரை கொடுப்பது அதன் நோக்கம். நல்ல காரியம். ஒரு நாள் கூலியை விட்டு மாத்திரைக்கு வரிசையில் நிற்க வேண்டிய ஊர் ஒன்று கூட இருக்கக் கூடாது. உங்கள் தெருவில் மாத்திரை விட்டுப்போனவர்கள் யார் என்று சங்கக் கிளை கணக்கெடுத்து, சுகாதார நிலையத்தில் நேரில் போய்க் கேட்க வேண்டும்.

தோழர்களே! தாய் தகப்பனை நாம் தேர்ந்தெடுத்துக்கொண்டு பிறக்கவில்லை. அவர்கள் கொடுத்த உடம்பைக் குறை சொல்லவும் வேண்டாம், அதைக் காரணம் சொல்லிப் படுத்துக்கொள்ளவும் வேண்டாம். மாற்ற முடியாதது கொஞ்சம். மாற்ற முடிந்தது நிறைய. மாற்ற முடிந்ததில் பாதி நம் வீட்டில் இருக்கிறது, மறுபாதி ஆலை வாசலிலும் ரேஷன் கடையிலும் சுகாதார நிலையத்திலும் இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, முப்பது வயதைத் தாண்டிய ஒவ்வொரு தோழரும், வீட்டுப் பெண்களையும் கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு, அந்தச் சீட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். யாருடைய சீட்டையும் பார்த்து யாரும் சிரிக்க மாட்டோம். எத்தனை பேருக்கு மாத்திரை வேண்டும், எத்தனை பேருக்கு ஷிப்டு மாற்றம் வேண்டும் என்று அந்தச் சீட்டுகளை வைத்துத்தான் கோரிக்கையை எழுதப் போகிறோம்.